வீடா, யாழ்ப்பாணமா, மகரகமவா: நாலாம் கட்ட மார்பகப் புற்றுநோயோடு வன்னியில் இருப்பவர்களுக்கு

2019 இல் எனக்கு முதல் தடவை மார்பில் கட்டி வந்தபோது சாமியறைக் கலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தோம். ஒப்பரேசன் ஒரு நாள், மருந்து ஏற்றும் நாட்கள் ஆறு, அதற்குப் பிறகு கரண்ட் பிடிக்கும் (கதிர்ச் சிகிச்சை) கிழமைகள். முடிய முடிய மகள் ஒவ்வொரு வட்டத்தையும் வெட்டிக்கொண்டு வந்தாள். கடைசி வட்டத்தை வெட்டின கிழமையே அம்மா வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நேர்த்தி கொண்டுபோனா.

2022 இல் அதே நோய் இடுப்பெலும்பிலும் முள்ளந்தண்டிலும் வந்து நின்றபோது மகள் மறுபடியும் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். "இந்த முறை எத்தனை தரம் அம்மா?" என்றாள். எத்தனை என்று ஒரு கணக்கு இல்லை. ஒரு மருந்து கேட்கும் வரைக்கும் அது, கேட்காமல் விட்டால் அடுத்தது. மார்பிலிருந்து எலும்புக்கோ ஈரலுக்கோ நுரையீரலுக்கோ மூளைக்கோ போய்விட்ட நோயை, அதாவது நாலாம் கட்ட நோயை, முழுதாக மாற்ற இன்றைக்கு மருந்து இல்லை. அடக்கி வைத்திருக்க மருந்துகள் இருக்கின்றன. அப்படி வருடக்கணக்காக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதைச் சொல்லித்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் முடிகிற வைத்தியம் என்றால் எங்கே போயும் எப்படிக் கிடந்தும் செய்துவிடலாம். முடிவுத் திகதி இல்லாத வைத்தியத்துக்கு, எங்கே இருந்துகொண்டு அதைச் செய்கிறோம் என்பது மருந்தளவுக்குப் பெரிய விசயம். நான் மூன்று விதமாகவும் இருந்து பார்த்துவிட்டேன். முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ இப்போதுதான் இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "எங்கே கொண்டுபோறது" என்று வீட்டில் ஆளுக்கொரு கதை கதைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

என் நிலைமை இதுதான். முள்ளியவளைப் பக்கம் வீடு. தையல் வேலை, இரண்டு மாடு, கொஞ்சம் கோழி. வீட்டில் வயதான அம்மாவும் உயர்தரம் படிக்கிற மகளும். மகளின் அப்பா 2009 இல் இல்லாமல் போனவர்.

முதலில் ஒரு எச்சரிக்கை. என் வலது இடுப்பில் 2009 சித்திரையில் யுத்தத்தில் பட்ட செல் துண்டு (எறிகணைத் துண்டு) ஒன்று இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த இடம் உளையும். 2022 தொடக்கத்தில் அதே பக்கம் நோகத் தொடங்கியபோது நானும் அதுதான் என்று இருந்தேன். அம்மாவும் அதைத்தான் சொன்னா. எண்ணெய் பூசினோம், ஒத்தடம் கொடுத்தோம், இரண்டு மாதம் போய்விட்டது. பழைய உளைவு படுத்தால் அடங்கும். இது படுத்தால் கூடியது, இரவில் நித்திரையை எழுப்பியது. அந்த வித்தியாசத்தை நான் கவனிக்கவில்லை. எங்கள் பகுதியில் உடம்பில் இரும்போடு நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஒருமுறை மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கு இரண்டு மூன்று கிழமையாக விடாத புது நோவு ஒன்று இருந்தால், அதைச் செல் துண்டின் தலையில் போட வேண்டாம். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால் "உடம்பில் துண்டு இருக்கு" என்று முதலே சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். துண்டு இருக்கும் இடத்தைப் பொறுத்து அது அசையவோ சூடாகவோ கூடும். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். கேட்கிற படிவத்தில் "உலோகம்" என்று இருந்தால் எங்கள் ஆட்கள் நகையைக் கழற்றிவிட்டு "இல்லை" என்று போட்டுவிடுகிறார்கள்.

இனி இடங்கள்.

வீட்டில் இருந்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் தெல்லிப்பழைக்குப் போய்வருவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையை 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து சேர்த்த காசில் கட்டினார்கள். 2013 இல் திறந்தது. தெற்கில் இருந்து நடந்து வந்த சனங்களும் தங்கள் காசைப் போட்டார்கள் என்பதை அங்கே வாங்கில் குந்தியிருக்கும்போது நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தமிழில் கதைக்கலாம், கீமோ ஊசியும் அங்கேயே, கதிர்ச் சிகிச்சையும் அங்கேயே. காசு கட்டத் தேவையில்லை.

ஆனால் முல்லைத்தீவில் இருந்து அது நூறு கிலோமீற்றருக்கு மேல். சாமம் மூன்று மணிக்கு எழும்பி, அம்மா கட்டித் தரும் புட்டுப் பார்சலோடு விடியற்காலை பஸ். புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், பரந்தன், பிறகு ஆனையிறவு. யாழ்ப்பாண பஸ் ஸ்ராண்டில் இறங்கி இன்னொரு பஸ். இடுப்பெலும்பில் நோய் இருக்கிறவருக்குத் தூரத்தைவிடக் குலுக்கம்தான் எதிரி. சில்லுக்கு மேலே வரும் சீற்றில் இருக்கவே கூடாது, நடுவில் இருக்க வேண்டும். பழைய சேலை ஒன்றை எட்டாக மடித்து இடுப்புக்குக் கீழே வைப்பேன். மேடு வருவது தெரிந்தால் இரண்டு உள்ளங்கையையும் சீற்றில் ஊன்றி உடம்பை ஒரு அங்குலம் தூக்கிப் பிடிப்பேன். அந்த வழியில் எந்த இடத்தில் மேடு வரும் என்பது இப்போது கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

போன நாளைவிட வந்த இரவு கஷ்டம். வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிடும். அடுத்த நாளும் படுக்கைதான். அப்படிப் பார்த்தால் ஒரு கிளினிக் நாள் என்பது மூன்று நாள். கிழமைக்கு ஒரு ஊசி என்ற காலத்தில் வீட்டில் இருந்து போனால் கிழமையில் பாதி அதற்கே போய்விடும். சில நாள் இரத்தத்தில் வெள்ளணு குறைந்து நிற்கும், ஊசி போட மாட்டார்கள், திரும்பி வர வேண்டும். அது யாருடைய பிழையும் இல்லை. ஆனால் வெறுங்கையோடு ஆனையிறவு தாண்டித் திரும்பி வருகிற அந்த நாளின் அலுப்பைச் சொல்லி முடியாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஊசிக்கு ஒன்றிரண்டு நாள் முந்திப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே இரத்தம் சோதித்துக் கொண்டுவரலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். எனக்கு ஓம் என்றார்கள். அதற்குப் பிறகு நான் ஒருமுறைகூடச் சும்மா திரும்பி வரவில்லை.

வீட்டில் இருப்பதில் உண்மையான ஆபத்து காய்ச்சல். கீமோ ஏற்றிய பிறகு ஒரு கிழமை, பத்து நாள் அளவில்தான் பொதுவாக வெள்ளணு ஆகக் கீழே விழும். அப்போது 38 பாகை காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு விடியும் மட்டும் பார்த்திருக்க ஏலாது, அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். முல்லைத்தீவில் இரவு பன்னிரண்டு மணிக்கு ஓட்டோ கிடைப்பது என்பது உங்கள் ஒழுங்கையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டு ஓரத்தில் இருப்பவர்களுக்கு யானைப் பயமும் சேரும். ஆகவே வீட்டில் இருப்பதென்று முடிவெடுப்பவர்கள் மூன்று விசயம் செய்து வைக்க வேண்டும். ஒரு வெப்பமானி. இரவில் கூப்பிட்டால் வரும் என்று வாக்குத் தந்த இரண்டு ஓட்டோக்காரரின் நம்பர். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இவர் கீமோ எடுப்பவர், காய்ச்சல் என்றால் உடனே இரத்தம் பார்த்து நாளத்தால் கிருமிக்கான மருந்து தொடங்க வேண்டும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்த இரண்டு வரி. அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் இரவு நேரத்தில் உங்கள் கதையை முழுதாகச் சொல்ல உங்களுக்குத் தெம்பு இருக்காது.

யாழ்ப்பாணத்தில் தங்குவது இரண்டாவது வழி. 2022 வைகாசியில் எண்ணெய் இல்லை, பஸ் இல்லை, பெற்றோல் செட்டில் வரிசை கிலோமீற்றர் கணக்கில். கிழமைக்கு ஒரு ஊசி போட வேண்டிய நேரமும் அதுவே. தெல்லிப்பழைக்குக் கிட்ட, சுன்னாகத்தில் என் மச்சாள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். வைத்தியத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு இரவு காய்ச்சல் 38.4 காட்டியது, இருபது நிமிசத்தில் வாட்டில் இருந்தேன். முள்ளியவளையில் என்றால் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஐந்து மாதம் நீளமானது. மச்சாள் ஒரு சொல் சொன்னதில்லை. நான்தான் மீன் பொரிக்கும் மணத்துக்கு வயிறு பிரட்டுவதை அவவுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் நிற்பேன். தலைமயிர் கொட்டுவதைப் பிள்ளைகள் பார்க்காமல் விடிய முந்திக் கூட்டி எடுப்பேன். மகளின் கணக்குப் பரீட்சையைத் தொலைபேசியில் கேட்டேன். மாடு கன்று போட்டதையும் தொலைபேசியில் கேட்டேன். தையல் இல்லை, வருமானம் இல்லை. அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு வாடகையும் சேர்ந்து இரண்டு அடுப்பு எரிய வேண்டும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. கிளினிக்கில் பழக்கமான துணுக்காய் அக்கா ஒருவர் தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் அறை எடுத்து இருக்கிறா, வீட்டுக்குப் போக மாட்டன் என்கிறா. "வீட்டை போனா நான் வருத்தக்காரி இல்லை தங்கச்சி, அடுப்படிக்காரி. ஆரும் என்னைச் சமைக்கச் சொல்லேல்லை, ஆனா ஆரும் சமைக்கவும் இல்லை" என்றா. எனக்கு அம்மாவும் மகளும் இருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு இருப்பது நாலு ஆம்பிளையள். அவவின் கணக்கு அவவுக்குச் சரி. வீட்டில் இருப்பது நல்லது என்று நான் சொல்வதெல்லாம், வீட்டில் வாளி தூக்க வேறு ஒரு கை இருக்கிறவர்களுக்குத்தான். எலும்பில் நோய் இருக்கிறவர் கிணற்றில் முழு வாளி அள்ளக் கூடாது, நெல் மூட்டையில் கை வைக்கவே கூடாது. எலும்பு முறிந்தால் அந்த ஒரு நாளில் எல்லாம் மாறிவிடும்.

மூன்றாவது மகரகம, கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் அபேக்சா புற்றுநோய் வைத்தியசாலை. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. மாங்குளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர், இல்லாவிட்டால் கிளிநொச்சி போய் இரவு ரயில் ஏற வேண்டும். 2023 கடைசியில், நோய் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெற் ஸ்கான் ஒன்றுக்காக அபேக்சாவுக்குப் போனேன். அந்த இயந்திரமும் சனங்கள் சேர்த்துக் கொடுத்த காசில் வந்ததுதான். ஒரு சோதனைக்கு, இரண்டாவது அபிப்பிராயம் ஒன்றுக்கு, இங்கே இல்லாத ஒரு வசதிக்கு என்று அனுப்பினால் தயங்காமல் போக வேண்டிய இடம். அங்கே இருந்தவர்கள் என்னை அன்பாகத்தான் பார்த்தார்கள்.

எனக்குத் தடையாக நின்றது நோவைச் சொல்கிற மொழி. எங்களிடம் குத்து வேறு, உளைவு வேறு, எரிவு வேறு, விறைப்பு வேறு. எலும்பு நோவு உளையும். நரம்பு நசிபட்டால் எரியும், விறைக்கும், மின்சாரம் அடித்தது போல ஓடும். டொக்டர்மார் அந்தச் சொல்லை வைத்துத்தான் மருந்தைத் தெரிவு செய்கிறார்கள், நரம்பு நோவுக்குக் கொடுப்பது வேறு மருந்து. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "ரிதெனவா" என்ற ஒரு சொல்தான் இருந்தது. நாலு நோவையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டேன். பிறகு மலையகத்துத் தங்கச்சி ஒருத்தி, பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவள், மொழிபெயர்த்து உதவினாள். ஒவ்வொரு மூன்று கிழமையும் அப்படி ஒருத்தி கிடைப்பாளா?

வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார் "இந்தியாவுக்குக் கொண்டுபோவம்" என்பார்கள். பலாலியில் இருந்து சென்னைக்குப் பிளேன் இருக்கிறது, வேலூரும் அடையாறும் நல்ல பெயர் எடுத்த இடங்கள். அங்கே எழுதித் தரும் மருந்து இங்கே அரசாங்கத்தில் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் மாதாமாதம் வாங்க எத்தனை வருடத்துக்குக் காசு வரும் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் போகலாம். ஒரு பயணத்துக்குக் காசு சேர்ப்பது சுலபம். எனக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை, போகவில்லை.

ஆகவே நான் வந்து நிற்கும் முடிவு: இருப்பது வீட்டில், வைத்தியம் தெல்லிப்பழையில். புது ஊசி மருந்து தொடங்கினால் முதல் இரண்டு தரமும் காய்ச்சல் வரக்கூடிய அந்தக் கிழமைகள் முடியும் வரை சுன்னாகம். அனுப்பினால் மட்டும் மகரகம.

இது கைகூடியதற்குக் காரணம் ஒரு நாள் டொக்டரிடம் நான் என் வழியைச் சொன்னது. அதற்கு முதல் மூன்று வருடம் எங்கே இருந்து வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. கொப்பியில் முகவரி இருந்தது, அவ்வளவுதான். "நான் மூன்று மணிக்கு எழும்பி வாறனான் டொக்டர், வாற தரம் குறையிற மாதிரி ஏதும் செய்யலாமோ?" என்று கேட்டேன். அவர் பேனையை வைத்துவிட்டுக் கொப்பியை முன்னுக்கிருந்து திரும்பப் பார்த்தார். நீங்களும் கேட்கலாம். கேட்க வேண்டியவை இவை.

எலும்பைப் பலப்படுத்தப் போடும் சொலெட்ரோனிக் ஊசியை மாதம் ஒருக்கா போட வேண்டுமா, மூன்று மாதத்துக்கு ஒருக்கா போதுமா? 1,800க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2017 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் பன்னிரண்டு கிழமைக்கு ஒருக்கா போட்டவர்களுக்கும் எலும்புச் சிக்கல் கூடவில்லை. எனக்கு அப்படி மாற்றினார்கள். வருடத்தில் பன்னிரண்டு பயணம் நாலாகியது. (அந்த ஊசி தொடங்க முதல் பல்லைக் காட்டிச் சொத்தைப் பல் இருந்தால் எடுத்துவிடுங்கள். தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் கிடக்கக் கூடும்.)

எலும்பு நோவுக்குக் கரண்ட் பிடிக்கச் சொன்னால், பத்து நாளா, ஒரே நாளில் முடிக்கலாமா? சாதாரண எலும்பு நோவுக்கு ஒரு தரம் கொடுப்பதும் பல தரம் கொடுப்பதும் நோவைக் குறைப்பதில் ஏறத்தாழச் சமம். பின்னுக்கு இன்னொரு தரம் கொடுக்க வேண்டி வருவது ஒரு தரக்காரருக்கு அதிகம். முள்ளந்தண்டு நரம்பு நசிபடும் நிலை, முறியக்கூடிய எலும்பு என்றால் கணக்கு வேறு, அதை அவர்கள் சொல்வார்கள்.

ஊசிக்குப் பதிலாகக் குளிசை உண்டா? 2024 இல் ஈரலில் சிறிதாகத் தெரிந்தபோது எனக்குக் கப்பெசிற்றபீன் தந்தார்கள். பதினாலு நாள் காலையும் மாலையும் குளிசை, ஏழு நாள் ஓய்வு. வீட்டிலிருந்தே எடுக்கலாம். ஆனால் அதற்கும் விலை உண்டு, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும், தோல் உரியும். எங்கள் வாழ்க்கை முழுக்க உள்ளங்கையிலும் வெறுங்காலிலும்தான் நடக்கிறது. கிணற்றுக் கயிறு பிடிக்க ஏலாது, மத்தியானச் சுடுமணலில் செருப்பில்லாமல் கோழிக்கூடு வரைக்கும் போக ஏலாது. ஊசியில் நூல் கோர்க்கும்போது விரல் நுனி தொட்டது தெரியாது. நான் மிதி மெசினுக்கு ஒரு மோட்டர் பூட்டினேன், காலுக்குப் பருத்திச் சப்பாத்து மேசு, இரவில் கிறீம். தோல் வெடித்தால், வயிற்றோட்டம் நிற்காமல் போனால் குளிசையை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். முடிக்காமல் விட்டால் பிழை என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுதான் பிழை.

எங்கே இருந்தாலும் திகதி பார்க்காமல் ஓட வேண்டிய ஒன்று உண்டு. முதுகு நோவோடு கால் சோர்ந்து வந்தால், கால் விறைத்தால், சலம் போக முடியாமல் நின்றால் அது முள்ளந்தண்டு நரம்பு நசிபடுவதாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும், வான் பிடித்தாவது. ஒரு மாதத் தையல் காசு போனாலும் போகட்டும், நடந்துகொண்டு போகிறவர்தான் நடந்துகொண்டு திரும்பி வருவார்.

மோர்பின். ஊரில் அந்தப் பெயரைக் கேட்டாலே பாயைச் சுருட்டச் சொன்னது போல முகம் மாறும். எனக்குத் தந்து ஒன்றரை வருடம். அதைக் குடித்துக்கொண்டுதான் தைக்கிறேன், பால் கறக்கிறேன், இதை எழுதுகிறேன். நோவு வரும் வரை பார்த்திருக்காமல் டொக்டர் சொன்ன நேரத்துக்கு எடுக்க வேண்டும், மலச்சிக்கலுக்கான மருந்தை முதல் நாளில் இருந்தே சேர்த்து எடுக்க வேண்டும். வீட்டில் இருப்பதென்று முடிவெடுத்தால் மோர்பின் தீர ஒரு கிழமை இருக்கும்போதே அடுத்ததற்கு ஒழுங்கு செய்யுங்கள். மார்கழியில் வெள்ளம் பாதையை மறித்தால் வேறு எதுவும் இரண்டு நாள் பொறுக்கும், அது பொறுக்காது.

கடைசியில் எங்கே என்பதும் இந்த ஒப்பீட்டுக்குள் வர வேண்டிய ஒன்றுதான். சுன்னாகத்தில் வசதி கூட. தெல்லிப்பழை வாட்டில் இன்னும் கூட. நான் வீடு என்று சொல்லிவிட்டேன், கிணற்றுப் பக்க அறை, யன்னலால் மாடு தெரியும் இடம். மகளுக்கும் மச்சாளுக்கும் சொல்லி, கொப்பியின் பின் மட்டையில் என் கையெழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வற்றாப்பளைப் பொங்கல் முடியட்டும் என்று இருக்கிறேன்.